நாலாம் ஜன்னலில் ஒரு புன்னகை

அத்தியாயம் 6

"மனிதகுலம் தோன்றிய நாள்லேருந்து இன்னிவரைக்கும் கோபத்துல யாரும் யாரையும் அடிச்சதில்ல" என்றார் நிதானம்.

இதை அவர் சொன்ன இடம், நெற்றியில் பிளாஸ்திரியோடு அவருடைய தங்கை கணவர் உட்கார்ந்திருந்த அறை.

நிதானம் ஒரு துப்பறிவாளர். நிதானம் என்பது அவருடைய பட்டப்பெயர். அவருக்கு அவரே சூட்டிக்கொண்டது. பட்டமளிப்பு விழாவில் கலந்துகொண்ட ஒரே நபர் அவருடைய உதவியாளர். அவள் எதையும் குத்தாமல் பேச மாட்டாள் என்பதால் அவளுக்கு ஊசி என்று பெயர் வைத்ததும் அவர்தான். அவள் ஆட்சேபிக்கவில்லை. "ரெண்டு பேர்ல என் பேராவது உண்மையா இருக்கே சார்" என்று மட்டும் சொன்னாள்.

"அப்போ இது என்ன அண்ணா?" தங்கை தன் கணவரின் நெற்றியைக் காட்டினாள். "காத்துல வந்து ஒட்டிக்கிச்சா?"

"அது ஸ்டேப்ளர் பட்ட காயம். ஆனா கோபத்துல எறிஞ்ச ஸ்டேப்ளர் இல்ல. யாரோ சொல்லி எறிஞ்ச ஸ்டேப்ளர். கை ஓங்கறவன் எல்லாருக்கும் பின்னால ஒரு காரணம் இருக்கும்மா. காரணத்துக்குப் பின்னால ஒரு ஆள் இருப்பான். கோபம்ங்கிறது மூளை இல்லாதவன் சொல்ற சாக்கு. என்னையே எடுத்துக்கோ. நான் இதுவரைக்கும் ஒரு கதவைக்கூட வேகமா சாத்தினதில்ல."

"நம்ம ஆபீஸ் கதவு சாத்தவே சாத்தாது சார். கீல் போயிடுச்சு" என்றாள் ஊசி.

அவர்கள் இருந்தது கைப்பேசி பழுது பார்க்கும் ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் மையத்தில், மேனேஜர் அறை. வெளியே கூடத்தில் நாற்காலிகள், டோக்கன் கொடுக்கும் இயந்திரம், எண் காட்டும் பலகை, நான்கு ஜன்னல்கள். ஜன்னல் என்பது பெயருக்குத்தான். வாடிக்கையாளரோடு நெருக்கம் வேண்டும் என்று மேனேஜர் கண்ணாடிகளை எடுத்துவிட்டிருந்தார். நாலாம் ஜன்னலில் நெருக்கம் கொஞ்சம் கூடிப்போனது.

"முதல்ல ஒருத்தர் மேசைக் காலண்டரை எறிஞ்சார்" என்றார் மேனேஜர். வேர்க்காமலே நெற்றியைத் துடைத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர். "அப்புறம் ஒரு டீச்சரம்மா தண்ணி பாட்டில். நேத்து ஒரு கடிகார ரிப்பேர்காரர் ஸ்டேப்ளர். நாலு ஜன்னல் இருக்கு. மூணு தடவையும் இவரோட ஜன்னல்தான். நீங்களே சொல்லுங்க, தப்பு யார்கிட்ட?"

"ஒரே மரத்துல மூணு தடவை இடி விழுந்தா மரத்தை விசாரிப்பீங்களா?" ஊசி கேட்டாள்.

"விசாரிக்க மாட்டேன். வெட்டிடுவேன். இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள நீங்க காரணத்தைக் கண்டுபிடிக்கலன்னாலும் சரி, நாலாவதா இன்னொண்ணு பறந்தாலும் சரி, இவர் நாளைக்கு வர வேண்டாம்."

தங்கை அண்ணனைப் பார்த்தாள். "அடி வாங்கி வெளியே வந்தவர்னு தெரிஞ்சா வேற எவன் அண்ணா இவரை வேலைக்கு எடுப்பான்? கேட்டா என்ன சொல்றது? சிரிச்சதுக்கு அடிச்சாங்கன்னா?"

"என் தப்பாத்தான் இருக்கும் மச்சான்" என்றார் பிளாஸ்திரிக்காரர். அடிபட்ட நெற்றிக்குக் கீழேயும் அவர் முகத்தில் புன்னகை இருந்தது. அது அங்கேயே குடியிருக்கும் புன்னகை. "அந்தக் கடிகாரக்காரர் பாவம். எறிஞ்சுட்டு அவரே அழுதுட்டார். தண்ணி கொடுத்தேன்."

"பாட்டில்லயா?" என்றாள் ஊசி.

"டம்ளர்ல."

நிதானம் அதற்குள் முடிவுக்கு வந்திருந்தார். பொதுவாக அவர் விசாரணைக்கு முன்பே முடிவுக்கு வந்துவிடுவார். விசாரணை அவரைப் பின்தொடர்ந்து வந்து சேரும். "ரெண்டாம் ஜன்னல்" என்றார்.

இரண்டாம் ஜன்னலில் ஓர் அம்மா. யாரைப் பார்த்தாலும் சிடுசிடுப்பார். நாலாம் ஜன்னலுக்கு மேலே மின்விசிறி உண்டு, இரண்டாம் ஜன்னலுக்குக் கிடையாது.

"அந்த மின்விசிறிதான் மாப்பிள்ளைக்கு எமன்" என்றார் நிதானம். "இவரைக் கிளப்பிட்டு அங்க உட்காரணும். அதுக்கு அந்தம்மா ஆள் வெச்சு எறிய வைக்குது. இல்லன்னா ஊரையே கடிச்சுக் குதறற அந்தம்மா மேல ஒரு குண்டூசிகூட ஏன் விழல?"

"நல்ல கேள்வி சார்" என்றாள் ஊசி. அவள் உண்மையாகவே சொன்னாள். ஆனால் அவள் குரலில் எது சொன்னாலும் கிண்டலாகவே கேட்கும் என்பதால் அவர் கண்டுகொள்ளவில்லை.

கடிகாரக் கடைக்கு ஊசியின் ஸ்கூட்டரில் போனார்கள். வழியில் ஒரு சிக்னலில், ஒருவன் பார்க்கிங் சீட்டு தரும் இயந்திரத்தை உதைத்துக்கொண்டிருந்தான். காசை விழுங்கிவிட்டுச் சீட்டைத் துப்பாமல் நின்றது அது. அவன் உதைத்தான். காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினான். திரும்பி வந்து மறுபடி உதைத்தான்.

"பார்த்தியா?" என்றார் நிதானம். "ஒரு தடவை உதைச்சா முட்டாள்னு விட்டுடலாம். வலிச்சப்புறமும் மறுபடி உதைக்கறான் பாரு, அவனை மியூசியத்துல வைக்கணும்."

"அவனை யார் சார் ஏவிவிட்டிருப்பா? பக்கத்துத் தெரு இயந்திரமா?"

"அவன் கணக்குல வரமாட்டான்."

"எனக்கென்னவோ அவன்தான் கணக்கேன்னு தோணுது" என்றாள் ஊசி. பச்சை விழுந்தது.

கடிகாரக் கடை, ஓர் ஆள் நுழைந்தாலே நிறைந்துவிடும் அளவு. உள்ளே ஒரு பெரியவர், ஒரு கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, ஒரு சக்கரத்தை இடுக்கியால் தூக்கிக்கொண்டிருந்தார். மூச்சு விட்டால் பறந்துவிடும் சக்கரம்.

"இதை விட்டா ஸ்ப்ரிங் தெறிச்சுடும்" என்றார் நிமிராமலே. "அரை மணி நேரம் ஆகும். அந்த ஸ்டூல்ல உட்காருங்க."

நிதானம் உட்கார்ந்தார். கால் மேல் கால் போட்டார். சுவரில் ஆளுக்கொரு நேரம் காட்டிய கடிகாரங்களை ரசித்தார். அரை மணிக்கும் மேலேயே ஆனது. அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"இப்படித்தான் இருக்கணும்" என்றார் ஊசியிடம் தாழ்ந்த குரலில். "பொறுமை ஒரு பயிற்சி."

பெரியவர் லென்ஸை எடுத்தார். வந்த காரணத்தைச் சொன்னதும் அவர் முகம் தொங்கிவிட்டது.

"உங்களுக்கு யார் காசு கொடுத்தது?" என்றார் நிதானம்.

"காசா? நான்தான் கொடுத்தேன். போன் ரிப்பேருக்கு."

"நடிக்காதீங்க. ரெண்டாம் ஜன்னல் அம்மாவைத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். முதல்நாள் போனப்போ அவங்கதான். 'இன்னிக்கு நடக்கறது கஷ்டம், போய் உட்காருங்க, கூப்பிட்டா வாங்க'ன்னு எரிஞ்சு விழுந்தாங்க. உட்கார்ந்தேன். அவங்க மூடற வரைக்கும் உட்கார்ந்தேன். கூப்பிடவே இல்ல. எழுந்து வீட்டுக்குப் போயிட்டேன்."

"கோபம் வரலியா?" என்றாள் ஊசி.

"சலிப்பா இருந்தது. கோபம்னு சொல்ல முடியாது."

"நேத்து?"

"நேத்து நாலாம் ஜன்னல். அவர் தங்கமான மனுஷன்மா. என்னைப் பார்த்து சிரிச்சார். 'இதோ ஆயிடுச்சு, ஒரே நிமிஷம்'னார். நான் நின்னுட்டிருந்தேன். மறுபடி சிரிச்சார். 'இதோ, அடுத்தது நீங்கதான்'னார். நின்னுட்டே இருந்தேன். கையைப் பார்த்தா..." அவர் தன் கையை மேசை மேல் வைத்து, அது வேறு யாருடையதோ மாதிரி பார்த்தார். "இந்தக் கை ஒரு ஸ்க்ரூவைக் கீழ போட்டதில்ல. ஸ்டேப்ளரை எப்ப எடுத்துச்சுன்னே தெரியல. அவருக்கு ரத்தம் வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. அவர் எனக்குத் தண்ணி கொடுக்கறார். நான் அங்கயே செத்திருக்கலாம்."

வெளியே வந்ததும் நிதானம் தலையை ஆட்டினார். "நல்லா நடிக்கறான்."

"சார், அவர் 'நின்னுட்டிருந்தேன்'னு சொன்னார்."

"நின்னா என்ன?"

"முதல்நாள் உட்கார்ந்தார். எதுவும் நடக்கல. ரெண்டாவது நாள் நின்னார்."

"நாற்காலி வியாபாரத்துல இறங்கப் போறியா?"

காலண்டர் எறிந்தவர் வெளியூர் போய்விட்டார். பாட்டில் எறிந்த டீச்சருக்குப் போன் செய்தார் நிதானம். "என் புருஷனுக்கே தெரியாது, தயவுசெஞ்சு விட்டுடுங்க" என்று சொல்லி அவர் துண்டித்தார். மறுபடி அடித்தபோது அணைத்து வைத்திருந்தார். ஸ்கூட்டர் கிளம்ப மறுத்தது. கிளம்பியபோது மழை வந்தது. மையத்துக்கு வந்து சேர்ந்தபோது நிதானத்தின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு துப்பும் இல்லை.

"இனி ஒரே வழிதான்" என்றார் அவர். "நாலாவது ஆள் இன்னிக்கு வந்தே ஆகணும். சாயங்காலத்துக்குள்ள இன்னொரு பொருள் பறந்தா மாப்பிள்ளை வேலை போச்சு, ரெண்டாம் ஜன்னலுக்கு மின்விசிறி வந்துடும். நான் வாடிக்கையாளர் மாதிரி எறியறவன் பக்கத்துலயே நிப்பேன். கை ஓங்கும்போது பிடிப்பேன். நீ பின்னால உட்கார்ந்து கூட்டத்தைக் கவனி."

டோக்கன் எடுத்தார். அவருடைய கைப்பேசியின் திரையும் நிஜமாகவே கீறியிருந்தது. இலவசமாக ஏதாவது நடக்கும் என்று ஒரு நப்பாசையும் இருந்தது.

நாலாம் ஜன்னலின் மேசையைப் பாதுகாப்புக் கருதி மேனேஜர் மழித்துவிட்டிருந்தார். காலண்டர் இல்லை, பாட்டில் இல்லை, ஸ்டேப்ளர் இல்லை. மிச்சமிருந்தது ஒரு பேனா. அதுவும் ஒரு முழக் கயிற்றில் மேசையோடு கட்டப்பட்டிருந்தது.

ஊசி கடைசி வரிசையில், தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆட்களைப் பார்த்தாள். யாரும் அடியாள் மாதிரி தெரியவில்லை. எல்லோரும் சோர்ந்த ஆட்களாகவே தெரிந்தார்கள். அலுத்துப்போய் ஜன்னல்களைப் பார்க்க ஆரம்பித்தாள்.

இரண்டாம் ஜன்னல் அம்மா ஒருவரை அனுப்பிவைத்தார். தண்ணீர் குடித்தார். பிறகு மணியை அழுத்தினார். டிங். அடுத்த எண். அடுத்தவர் எழுந்து போனார், உட்கார்ந்தார், திட்டு வாங்கினார், வேலை முடிந்து கிளம்பினார்.

நாலாம் ஜன்னலில் டிங். நிதானத்தின் எண். நிதானம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனார். ஆனால் ஜன்னலுக்கு முன்னால் இருந்த ஒரே நாற்காலியில் ஏற்கெனவே ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் வேலை பாதிகூட முடியவில்லை.

ஊசி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அக்கா, உங்க வீட்டுக்காரர் ஏன் முன்னாடியே மணி அடிக்கறார்?"

"அதுவா?" என்றாள் தங்கை. "இங்க மூணு தடவை மணி அடிச்சும் வரலன்னா நம்பர் ரத்து. அதுதான் சட்டம். ஒரு தடவை ஊன்றுகோலோட ஒருத்தர் வந்தாராம். அவர் எழுந்து வர்றதுக்குள்ள நம்பர் போயிடுச்சாம். அன்னிக்கு இவர் வீட்டுக்கு வந்து சோத்துல கையே வைக்கல. அதுலேருந்து இருக்கறவங்க வேலை நடக்கும்போதே அடுத்தவங்களுக்கு அடிச்சுடுவார். மெதுவா எழுந்து வரட்டும், யாருக்கும் நம்பர் போகக் கூடாதுன்னு."

ஊசி மேனேஜர் அறையைப் பார்த்து நடந்தாள். தங்கை காரணம் புரியாமல் பின்னாலேயே ஓடினாள்.

நாலாம் ஜன்னலில் நிதானம் நின்றுகொண்டிருந்தார்.

"இதோ மச்சான்" என்றார் பிளாஸ்திரிக்காரர் புன்னகையோடு. "அடுத்தது நீங்கதான். ஒரே நிமிஷம்."

நாற்காலி அம்மாவுக்குப் பழைய போனிலிருந்து புதிய போனுக்கு எண்கள் மாற வேண்டும். மாறிவிட்டன. ஆனால் அவர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா வந்துட்டார். பெரியம்மா வந்துட்டாங்க. சின்ன நாத்தனார் வரலியே தம்பி?"

"வந்திருப்பாங்க, கீழ தள்ளிப் பாருங்கம்மா."

"இல்ல தம்பி, அவ எப்பவுமே கடைசியிலதான் வருவா."

நிதானம் தன் மூக்குக்கு நேராகத் தொங்கிய எண் பலகையைப் பார்த்தார். அதில் அவருடைய எண் ஒளிர்ந்தது. அவருடைய முறை வந்துவிட்டது. உலகமே அறிவித்துவிட்டது. திரும்பிப் பார்த்தார். அவர் விட்டு வந்த நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, இன்னும் எவ்வளவு நேரம்?"

"ஆயிடுச்சு மச்சான். இதோ."

"கடைக்குட்டிச் சித்தப்பாவுக்கு ரெண்டு நம்பர் இருந்துச்சே" என்றார் அம்மா. "ஒண்ணுதான் வந்திருக்கு. அதுவும் அவர் எடுக்காத நம்பர்."

மேனேஜர் அறைக்குக் கூடத்தைப் பார்த்த பெரிய கண்ணாடி உண்டு. அதன் முன்னால் நின்று ஊசி பேசினாள்.

"யாரும் ஆள் வைக்கல சார். மணிதான். ரெண்டாம் ஜன்னலம்மா எந்த நம்பிக்கையும் கொடுக்கறதில்ல. 'நடக்காது, உட்காரு'ன்னு சொல்றாங்க. வர்றவங்க மனசைக் கல்லாக்கிக்கிட்டு உட்கார்ந்துடறாங்க. இவர் எழுப்பிக் கூட்டிட்டு வந்து, கைக்கெட்டற தூரத்துல நிக்க வெச்சு, இதோ இதோன்னு சிரிக்கறார். கிடைக்காததுக்கு யாருக்கும் அவ்வளவு கோபம் வராது. கிடைச்சாச்சுன்னு சொல்லிட்டுக் கொடுக்காததுக்குத்தான் வரும். அதுவும் திட்டறவங்களா இருந்தா பதிலுக்குத் திட்டி ஆத்திக்கலாம். சிரிக்கறவரை என்ன பண்றது? வாய்க்கு வேலை இல்லாததால கை வேலை செய்யுது."

மேனேஜர் நெற்றியைத் துடைத்தார். "கேக்க நல்லா இருக்கு. அதுக்காகப் பெத்த பிள்ளை மாதிரி சிரிக்கறவர் மேல ஸ்டேப்ளரை எறிவாங்களா? அந்த மூணு பேருக்கும் பிறவியிலயே மூக்கு மேல கோபம்னு வெச்சுக்கிட்டா?"

"ஒருத்தர் கடிகாரம் ரிப்பேர் பண்றவர் சார். ஒருத்தங்க குட்டிப் பசங்களுக்குப் பாடம் எடுக்கறவங்க."

"எனக்கு நம்பிக்கை வரல. சரி, ஒண்ணு சொல்றேன்." அவர் கண்ணாடியை நோக்கிக் கை நீட்டினார். "உங்க சார் காலையில என் முன்னால ஒரு பிரசங்கம் பண்ணார் பாருங்க. கதவைக்கூட வேகமா சாத்தாத மனுஷன். அந்த மாதிரி ஒருத்தர் அந்த இடத்துல நின்னு எதையாவது எறிஞ்சார்னா, தப்பு மணி மேலதான்னு நான் ஒத்துக்கறேன். இல்லன்னா நாளைக்கு இவர் வர வேண்டாம்."

தங்கையின் முகம் வெளுத்தது. "போச்சு. அண்ணன் எறிய மாட்டான். சின்ன வயசுல அவனோட பொம்மைக் காரை நான் உடைச்சப்போகூட, 'உன்னைத் தூண்டிவிட்டது யாரு'ன்னுதான் கேட்டான்."

"அப்போ அவர் உட்கார்ந்து கேட்டாரா, நின்னு கேட்டாரா அக்கா?" என்றாள் ஊசி.

மூவரும் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். அங்கிருந்து பேச்சு கேட்காது. வாய்கள் அசைவதுதான் தெரியும்.

நிதானம் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். பிளாஸ்திரிக்காரர் சிரித்தார். நிதானம் எண் பலகையைப் பார்த்தார். அம்மா கைப்பேசியைத் தூக்கிக் காட்டினார். பிளாஸ்திரிக்காரர் அவரிடம் ஏதோ சொல்லிவிட்டு நிதானத்தைப் பார்த்து, ஒரு விரலை உயர்த்தி, சிரித்தார். நிதானமும் பதிலுக்குச் சிரித்தார். அது நீந்தத் தெரியாதவர் தண்ணீருக்குள்ளிருந்து சிரிக்கும் சிரிப்பு.

"பொறுமைசாலிதான்" என்றார் மேனேஜர். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அம்மா எழுந்தார். நிதானம் முன்னால் நகர்ந்து நாற்காலியின் முதுகைப் பிடித்தார். அம்மா ஏதோ நினைவு வந்தவராக மறுபடி உட்கார்ந்தார்.

பிளாஸ்திரிக்காரர் நிதானத்தைப் பார்த்துச் சிரித்தார். வாயசைவு கண்ணாடி வழியாகவே தெளிவாகப் புரிந்தது. இதோ.

நிதானத்தின் வலது கை மேசைக்குப் போனது. அவசரமில்லாமல் பேனாவை எடுத்தது. தோளுக்கு மேல் உயர்ந்தது. எறிந்தது.

பேனா கயிற்றின் நீளம் வரைக்கும் போயிற்று. அங்கே ஒரு கணம் நின்று யோசித்தது போலிருந்தது. பிறகு வந்த வழியே திரும்பி வந்து நிதானத்தின் மூக்கில் பட்டது.

கூடத்தில் யாரும் கவனிக்கவில்லை. பிளாஸ்திரிக்காரர் குனிந்து எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி" என்றார் கடைசியில். "அவர் நாளைக்கு வரட்டும். வேலை முடிஞ்சப்புறம்தான் மணி. மூணு தடவை மணி அடிச்சும் வரலன்னா ரத்துங்கற சட்டத்தையும் எடுத்துடறேன். போய் உங்க சாரைக் கூப்பிடுங்க, நல்ல சேதியைச் சொல்லிடலாம்."

தங்கை நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றாள் ஊசி. "அவர் இன்னும் முடிக்கல."

நிதானம் மூக்கைத் தடவிக்கொண்டார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். பிறகு மேசை விளிம்பில் மெதுவாகச் சாய்ந்து, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், விரல் நுனியால் அந்தக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.